லெய்டனில் கிடந்த கடாரத்துச் செய்தி

உயர்கல்வி என்றாலே நாம் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்கிறோம். நம் மண்ணோடு தொடர்புடைய இன்னொரு பழைய பல்கலைக்கழக நகரம் உண்டு. அது நெதர்லாந்தின் லெய்டன்.

1574-இல் ஸ்பானியப் படை அந்நகரை முற்றுகையிட்டது. பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர், நகரம் பணியவில்லை. டச்சுக்காரர்கள் தங்கள் கரைகளையே உடைத்து வெள்ளம் பாய்ச்சி, அக்டோபர் 3-இல் படகுகளில் உணவு கொண்டு வந்தனர். அந்தத் தியாகத்திற்குப் பரிசாக 1575-இல் இளவரசர் வில்லியம் தந்ததுதான் லெய்டன் பல்கலைக்கழகம். வரிவிலக்கா, பல்கலைக்கழகமா என்று கேட்டபோது மக்கள் கல்வியையே தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

சரி, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கடாரம் என்று சோழர் அழைத்தது நம் கெடாவைத்தான். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், நாகப்பட்டினத்தில் தன் தந்தையின் பெயரால் சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சைவரான இராஜராஜ சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கினார். அந்தக் கொடையை அவர் மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தார். மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழியில், 16 தமிழில். அதே இராஜேந்திரன் 1025-இல் கடாரத்தின் மீது படையெடுத்தது பிற்கதை.

நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசம் இருந்த காலத்தில் கடல் கடந்த அந்த ஏடுகள், 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தன. 'லெய்டன் செப்பேடுகள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவற்றை இந்தியா திருப்பிக் கேட்டது நியாயமே. ஆனால் எழுதி வைத்ததாலும், யாரோ பாதுகாத்ததாலும்தான் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய நம் உறவு இன்று நமக்குத் தெரிகிறது.

என் தாத்தா காஹாங்கில் பால்மரம் வெட்டியவர். அவர் எந்த ஆண்டு கப்பலேறி வந்தார்? சொல்ல எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வீடு மாறியபோது பழைய தகரப்பெட்டியைக் குப்பையோடு தூக்கிப் போட்டவர்கள் நாங்களேதான்!

தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிபடுகின்றன. உங்கள் வீட்டில் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பள்ளிப் படம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்னால் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பெரியவர்களைக் கேட்டு எழுத இந்த வார இறுதியே போதும்.