சொல்லிட்டு எங்கே ஸார் போறீங்க?

தலைமை என்றாலே நம் ஆட்களுக்குக் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்ததுமே, 'நமது நிறுவனம் என்கிற இந்தக் கப்பலின் மாலுமியாக...' என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்கிற நமக்கும் மனசில் ஒரு படம் ஓடும். புயல், மழை, பனை உயரத்துக்கு அலை. நடுவில் நம்ம ஜி.எம். தொப்பியும் தானுமாக, சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி!

படம் பிரமாதம். ஆனால் தப்பு. பெரிய கப்பலில் கேப்டன் சக்கரத்தைத் தொடுவதே அபூர்வம். 'கப்பலோட்டிய தமிழன்' என்று நாம் கொண்டாடும் வ.உ.சி.யே தொழிலால் வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விட்டவர். ஓட்டுவது வேறு, சக்கரம் பிடிப்பது வேறு!

பின்னே பிடிப்பது யார்? சுக்கான்காரர். கேப்டனோ டியூட்டியில் இருக்கும் அதிகாரியோ வாயால் சொல்வார். இவர் கையால் செய்வார். அதில் ஒரு சின்னச் சடங்கு உண்டு.

"ஸ்டார்போர்டு டென்!" என்பார் அதிகாரி. சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று அர்த்தம். சுக்கான்காரர் உடனே "ஸ்டார்போர்டு டென்!" என்று உரக்கத் திருப்பிச் சொல்வார். சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புவார். பத்து வந்ததும் மறுபடி ஒரு குரல் கொடுப்பார். ஆர்டர் போட்டவரும், முள் பத்தில் நிற்கிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட வாசகத் தொகுப்பிலேயே இந்த விதி இருக்கிறது.

எதற்கு இந்தக் கிளிப்பிள்ளை வேலை? சொன்ன வார்த்தையும் கேட்ட வார்த்தையும் ஒன்றுதானா என்று தெரிய வேண்டாமா? 1912-ல் டைட்டானிக் பனிப்பாறையைப் பார்த்ததும் போட்ட ஆர்டர், 'ஹார்ட் எ ஸ்டார்போர்டு'. கப்பல் திரும்பியதோ இடப்பக்கம்! தப்பில்லை. பழைய பாய்மரக் காலத்தில் சுக்கானின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் போகும். அந்த வழக்கப்படியே சொன்னார்கள். இந்தக் குழப்பமே வேண்டாம், எந்தப் பக்கம் திரும்பணுமோ அதையே சொல்லுங்கள் என்று 1929 லண்டன் மாநாட்டில்தான் முடிவு செய்தார்கள்.

நம் ஆபீஸுக்கு வருவோம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மேலதிகாரியின் ஆர்டர் ஒன்றே ஒன்றுதான்: "அதைக் கொஞ்சம் பாத்துடுங்கப்பா!" அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிஃப்டை நோக்கி நடந்தபடியே. எதை, யார், எப்போதைக்குள்? நாங்கள் மூன்று பேர். ஒவ்வொருவரும் மற்ற இருவரில் ஒருவர் பார்ப்பார் என்று வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை பூகம்பம். திட்டு மட்டும் மூன்று பேருக்கும் சரிசமமாகப் பங்கு!

சரி, தெளிவாகச் சொல்லியாச்சு. வேலை முடிந்ததா? அங்கேதான் கப்பல் இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. சுக்கான் ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் வந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் அது சுக்கானின் கணக்கு. கப்பல் மெதுவாக யோசித்துத்தான் திரும்பும். திரும்ப ஆரம்பித்துவிட்டால் லேசில் நிற்காது. போகவேண்டிய திசை வருவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் சுக்கானைப் போட்டுப் பிடிக்க வேண்டும். ஆகவே சொன்னவர், கப்பல் திரும்பி நேராகும்வரை அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

நிற்காவிட்டால்? 1989 மார்ச் மாதம், அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' எண்ணெய்க் கப்பல். இன்ன இடம் வந்ததும் திருப்பு என்று மூன்றாம் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, கேப்டன் பிரிட்ஜை விட்டுக் கீழே போய்விட்டார். கப்பல் போதுமான அளவு திரும்பவில்லை. 24-ம் தேதி, நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷங்களில் பாறைத்திட்டில் ஏறியது. சுமார் நாலு கோடி லிட்டர் எண்ணெய் கடலில்! விசாரித்த அமெரிக்க வாரியம், களைத்துப்போயிருந்த அந்த மூன்றாம் அதிகாரியோடு நிறுத்தவில்லை. சரியாக மேற்பார்வை செய்யாத கேப்டனையும், ஓய்வெடுத்த, போதுமான ஆட்களைத் தராத கம்பெனியையும் சேர்த்தே குற்றம் சொன்னது.

இன்றைக்கு நீங்கள் சுக்கான்காரராக இருக்கலாம். பரவாயில்லை, உங்களுக்கும் ஓர் உரிமை இருக்கிறது: திருப்பிச் சொல்வது. அடுத்த தடவை "பாத்துடுங்க" என்று குரல் வந்தால், "ஸார், ஸ்டாக் லிஸ்ட்டை நான் நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள முடிக்கணும், அதானே?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். நல்ல கேப்டன் கோபப்பட மாட்டார்.

நாளைக்கே பிரமோஷன் வந்து உங்களுக்குக் கீழே நாலு பேர் உட்கார்ந்தால்? அவர்கள் கையிலிருந்து சக்கரத்தைப் பிடுங்காதீர்கள். தெளிவாகச் சொல்லுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முக்கியமாக, உடனே லிஃப்டைத் தேடி ஓடாதீர்கள்!