கோட்டை மண்ணும் கூட்டுக் குடியும்

1767-ம் வருஷத்தில் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூர் மண்கோட்டையை முற்றுகையிட்டபோது, பீரங்கி துளைத்த இடங்களைப் பனையும் வைக்கோலும் கொண்டு உள்ளிருந்தோர் உடனுக்குடன் அடைத்தனர் என்று சரித்திரம் கூறுகின்றது. அடைத்தவன் வீழ்ந்தால் அவ்விடத்தில் அடுத்தவன் வந்து நின்றான். நின்றவர் அனைவரும் ஒரு குலத்தவரல்லர். பூலித்தேவரைப் பாடும் தென்பாண்டிச் சீமை ஒண்டிவீரனையும் வெண்ணிக் காலாடியையும் உடன் வைத்தே பாடுகின்றது. அந்த வீரத்தை மேடைதோறும் முழங்குகின்றோம், முழங்க வேண்டியதுதான். ஆனால் மதிலின் மேல் தோளோடு தோள் நின்றவர்களின் சந்ததியார் மதில் இடிந்தபின் ஒரே தெருவில் குடியிருந்தார்களா என்று மட்டும் எந்த மேடையிலும் எவரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஆலைகள் மூடப்பட்டு, பட்டாள முகாம்கள் காலியாகி, கிடங்குகள் பாழடைந்து, பழைய மனைகள் பல ஊர்களில் கிடக்கின்றன. அவற்றில் என்ன கட்டுவது என்பதற்குப் பிற தேசத்தார் ஒரு புதுவழி கண்டிருக்கின்றனர். அதற்குக் கூட்டுக் குடியிருப்பு என்று பெயர் தரலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடும் தனி அடுப்பும் உண்டு. அவற்றோடு பொதுச் சமையலறை, உணவுக்கூடம், வாசகசாலை, தோட்டம் ஆகியவை எல்லோர்க்கும் பொது. இதில் வசிக்கப் போகிறவர்களே முதலில் கூடி, நிலம் தேடி, சிற்பியை அமர்த்தித் திட்டம் வகுப்பர். டென்மார்க்கில் ராஸ்கில்டே நகரை அடுத்து ஓர் இரும்பு வார்ப்படச் சாலையைச் சுமார் இருபது குடும்பத்தினர் 1981-ல் இவ்விதம் குடியிருப்பாக்கினர். ஜெர்மனியில் டூபிங்கன் நகரசபை செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1991-ல் பிரெஞ்சுப் பட்டாளம் வெளியேறியதும் நகரசபை அந்நிலத்தைத் தானே வாங்கியது. குடியேற விரும்புவோரைக் குழுக்களாக வரச் சொல்லி, நல்ல யோசனை கொண்டுவந்த குழுவுக்கு மனையை நிர்ணய விலைக்குக் கொடுத்தது. ஏலம் இல்லை. டாங்கிகள் நின்ற பழைய கொட்டகை இன்று பொதுமக்கள் கூடும் இடமாயிருக்கின்றது.

நமது நாட்டில் நடப்பது என்ன? சென்னைப் பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைகளை எண்ணிப் பாருங்கள். 1876-லும் 1881-லும் தோன்றிய அவ்வாலைகளின் வாயிலில்தான் 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு. வி. க.வும் நடந்த மண் அது. 1996-ல் ஆலை மூடப்பட்டது. காலக்கிரமத்தில் நிலம் கைமாறி அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. வீடு கட்டியது குற்றமன்று. அந்த மண்ணில் உழைத்தவர்களோ, அதைச் சுற்றி வாழ்ந்தவர்களோ அதன் எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடமின்றிப் போயிற்றே என்பதுதான் நமது குறை.

எனினும் அம்மண்ணின் சரித்திரத்தில் கசப்பான பக்கம் ஒன்றும் உண்டு. தேசபக்தர்கள் அதைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை. 1921-ம் வருஷத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் ஒற்றுமை முறிந்தது. முறிந்த இடம் ஆலைக்குள் அன்று, புளியந்தோப்புக் குடிசைகளில். ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர் என்று ஆத்திரம் மூண்டது; குடிசைகள் எரிந்தன; போலீஸ் துப்பாக்கிக்கு உயிர்கள் பலியாயின. ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் தனித்தனிச் சேரியிலும் தெருவிலும் வசித்தார்கள். மாலைச் சங்கு ஊதியதும் அவரவர் ஜாதிக்குத் திரும்பினார்கள். சங்கம் ஆலைவாசலைக் காத்தது. வீட்டுவாசலுக்கு அது போகவில்லை.

ஆகவே கூட்டுக் குடியிருப்பின் உயிர்நிலை அதன் வரைபடத்தில் இல்லை, உணவுக்கூடத்தில் இருக்கின்றது என்பது நமது துணிபு. இதற்குச் சாட்சி தேடி டென்மார்க் செல்ல வேண்டியதில்லை. பழைய திருநெல்வேலி ஜில்லாவின் சேரன்மாதேவியே போதும். தேசியக் கல்வி தருவதற்கென்று வ. வே. சு. ஐயர் அங்கே குருகுலம் அமைத்தார். காங்கிரஸ் பணம் கொடுத்தது. அதில் இரு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. 1924, 1925-ம் வருஷங்களில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிவிட்டது அந்த இரண்டு இலை. ஐயரின் தியாகத்தில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. அத்தகைய தியாகியே பந்தியில் தடுமாறினார் என்றால், கட்டடம் கட்டும் கம்பெனிகள் எம்மட்டு? அது பழங்கதை என்று சிரிப்பவர்கள், 2018-ல் திருப்பூர் ஜில்லாக் கிராமமொன்றில் பள்ளிச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்மணிக்கு நேர்ந்த எதிர்ப்பை மறந்திருக்க மாட்டார்கள்.

சர்க்கார் முயலாமலுமில்லை. தென்ஜில்லாக்களின் ஜாதிக் கலவரங்களுக்குப் பின், 1998-ல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. சமுதாயக் கூடமும் சுடுகாடும் பொது. இந்திய தேசத்தில் வேறெந்த சர்க்காரும் எண்ணியிராத காரியம் இது. அதை மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைத் தேர்ந்தது சர்க்கார் பட்டியல். வீட்டின் அளவையும் தெருவின் போக்கையும் முடிவு செய்தவர்கள் எஞ்சினீயர்கள். குடிவந்தவர்கள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சேர்ந்து உண்ண ஓர் அடுப்பை அத்திட்டம் வைக்கவில்லை.

இனி, தாமே கூடி வீடு கட்டுவோரைத் தடையின்றி விட்டால் போதுமா என்றால், அதிலும் ஓர் அபாயம் இருக்கின்றது. ஆமதாபாத்தில் பார்ஸிகளை மாத்திரமே அங்கத்தினராகச் சேர்க்கும் வீட்டு வசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், அந்த உபவிதி செல்லும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டம் அளித்தது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத வரையில் உபவிதியைத் தள்ள முடியாது என்பது அதன் சாரம். சட்டம் பயின்ற முறையில் தீர்ப்பின் தர்க்கத்தை நாம் அறிவோம். சிறுபான்மையோர் ஒருவருக்கொருவர் துணையாய் வாழ விரும்புவதையும் அறிவோம். ஆனால் அதே கதவின் வழியே அக்கிரகாரமும், ஊரும், சேரியும் கூட்டுறவுப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கோர்ட்டார் வழியைச் சட்டசபைக்கே காட்டியிருக்கின்றனர். சட்டசபை இன்னும் அவ்வழியே நடக்கவில்லை.

ஆகையால், 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் ஒரு வாசகத்தைச் சேர்க்கும்படி கேட்கின்றோம். வீட்டு வசதிச் சங்கம் எதுவும் ஜாதியைக் காட்டி அங்கத்தினரை மறுக்கலாகாது என்பதே அது. பொது நிலமோ, மூடிய ஆலையின் நிலமோ குடியிருப்புக்கு வருமாயின், ஏலத்துக்கு முன்னர் டூபிங்கனைப்போல் குழுக்களுக்கு வாய்ப்பளிக்கட்டும். அந்நிலத்தில் உழைத்தோரின் குடும்பங்களுக்கு அவற்றில் ஒரு பங்கு ஒதுக்கட்டும். சாயமும் எண்ணெயும் ஊறிய மண்ணைச் சோதித்துச் சுத்தி செய்யாமல் கிணறு தோண்டவோ, தோட்டம் போடவோ விடலாகாது; அச்செலவு நிலத்தை விற்பவரைச் சேர வேண்டும், குடியேறுபவரையன்று. புகைபோக்கியையும் வாயிற்கதவையும் இடிக்காமல் விடட்டும். அந்த வாயிலில் யார் நின்றார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

வாசுதேவநல்லூர் வட்டாரத்து இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோட்டை பழைய உருவில் இன்றில்லை. விழா எடுப்பதற்கு அது தடையாயிருக்கவில்லை. இவ்வாண்டு விழாவுக்கு வசூலாகும் பணத்தில், மூன்று தெருக்களிலிருந்தும் பத்துப் பத்துக் குடும்பங்களை அழைத்து, ஒரே அடுப்பில் ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். மனை தேடுவதும் திட்டம் வரைவதும் அதற்கடுத்த வேலை. முதல் நாள் யார் சமைப்பது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.