கம்பளத்தின் தொய்வும் முழங்காலின் வலியும்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல வீடுகளில் சுவர் முதல் சுவர் வரை தரையை மூடிக் கம்பளம் போட்டிருப்பார்கள். வெளியே ஓர் ஆணி தெரியாது. அடியில் பெரும்பாலும் பசையும் இருக்காது. நாலு பக்கமும் இழுத்து ஓரங்களில் மாட்டிய இறுக்கம்தான் அதை அசையாமல் கிடக்க வைக்கிறது. அந்த இறுக்கத்தை எந்தக் கருவியால் கொடுக்கிறார்கள் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கம்பளம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதும், அதைப் போடுபவரின் முழங்கால் என்ன ஆகும் என்பதும் அதைப் பொறுத்தே இருக்கின்றன.

முதலில் சுவரோரமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு, ‘கிரிப்பர்’ என்ற மெல்லிய மரப்பட்டையை அடிப்பார்கள். அதன் மேல் வரிசையாகக் கூரிய முட்கள் இருக்கும். எல்லாம் சுவரைப் பார்த்துச் சாய்ந்தவை. இழுத்து மாட்டிய கம்பளம் அறையின் நடுப்பக்கம் திரும்பிப் போகவே பார்க்கும். அது இழுக்க இழுக்க, எதிர்த்திசையில் சாய்ந்த முள் இன்னும் ஆழமாகக் கவ்வும். தப்பிக்க நினைக்கும் விசையே பூட்டாகவும் வேலை செய்கிறது.

எவ்வளவு இழுக்க வேண்டும்? இன்று புழங்கும் கம்பளங்களில் பெரும்பாலானவை, பாலிபுரொப்பிலின் அடித்துணியில் ஊசியால் நூலைக் குத்தி, பின்புறம் லேட்டக்ஸ் பூசி, இன்னொரு துணி ஒட்டிச் செய்யப்படுபவை. ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. இவ்வகைக் கம்பளத்தை நீளத்திலும் அகலத்திலும் 1 முதல் 1.5 சதவீதம் இழுப்பது வழக்கம். 5 மீட்டர் அறைக்கு அது 5 முதல் 7.5 செ.மீ. இழுத்துப் பிடித்த பாலிமர் நாளடைவில் மெல்லத் தளர்ந்துகொடுக்கும் என்பதால், தொடக்கத்திலேயே தாராளமாக இழுத்தாக வேண்டும். குறைத்து இழுத்தால், நாற்காலியை இழுப்பதும் ஆட்கள் நடப்பதும் சேர்ந்து அந்தத் தொய்வை ஓரிடத்தில் தள்ளிக் குவிக்கும். அரை மீட்டர் அகலத்துக்குள் வெறும் 5 மி.மீ. மிச்சம் சேர்ந்தாலே கம்பளம் சுமார் 3 செ.மீ. உயரத்துக்குப் புடைக்கும் என்று வடிவக்கணிதம் சொல்கிறது. வயதானவர்கள் கால் இடறி விழ அது போதும்.

இழுப்பதற்கு இரண்டு கருவிகள் உண்டு. முதலாவது ‘நீ கிக்கர்’ (knee kicker). ஒரு முனையில் பற்கள், மறுமுனையில் மெத்தை. நடுவில் ஒரு தண்டு. பற்களைக் கம்பளத்தில் பதித்து, மண்டியிட்டு, முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே உள்ள தொடைப் பகுதியால் மெத்தையை ஓங்கி இடிக்க வேண்டும். கம்பளம் ஓர் இழுப்பு முன்னே போகும். உடனே கையால் முள்ளில் அழுத்திவிட வேண்டும். வேகமான வேலைதான். ஆனால் கருவி மீது கால் செலுத்தும் விசை அத்தனையும் கால் மீதே திரும்பி வருகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு விலக்கு கிடையாது. அளந்து பார்த்தபோது, ஓர் இடியின் உச்ச விசை சுமார் 3,000 நியூட்டன், அதாவது உடல் எடையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு அமைப்பான நியோஷ் 1990இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. நாட்டின் தொழிலாளர்களில் 0.06 சதவீதம்கூட இல்லாத, கம்பளம் போடும் தொழிலாளர்கள், முழங்கால் அழற்சிக்கான இழப்பீட்டு மனுக்களில் 6.2 சதவீதத்தைக் கொடுத்திருந்தார்கள். சில்லைச் சுற்றியுள்ள சிறு திரவப்பைகள் ஓயாத இடியாலும் மண்டியிடுவதாலும் வீங்குகின்றன. ஊசி போட்டு நீரை எடுக்கவேண்டிய நிலையும் வருகிறது. ஒரு கைவினைஞர் தன் மூட்டையே சுத்தியலாக்கிக்கொள்வதை ‘தொழில் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

இரண்டாவது ‘பவர் ஸ்ட்ரெச்சர்’. பெயரில் பவர் இருந்தாலும் மின்சாரம் வேண்டாம், நெம்புகோல்தான். குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி அறையின் குறுக்கே நீட்டி, வால்பகுதியை எதிர்ச்சுவரின் அடியில் ஊன்றுவார்கள். கைப்பிடியை அழுத்தினால் பற்கள் கம்பளத்தை முன்தள்ளும். இங்கே எதிர்விசையைத் தாங்குவது சுவர். விசை கணநேர இடியாக இல்லாமல் சீராக நின்று இழுப்பதால், கம்பளத்துக்கு அடியில் போடும் மென்விரிப்பின் உராய்வை மீறி இறுக்கம் அறை முழுக்கப் பரவுகிறது. பிடி அப்படியே பூட்டிக்கொள்ளும். நிதானமாக முள்ளில் மாட்டலாம். குழாய்களைச் சுமந்து வந்து பூட்ட நேரம் பிடிக்கும் என்பதால்தான் பலர் கிக்கரோடு முடித்துவிடுகிறார்கள். படிக்கட்டு, சின்ன அலமாரி அறை, முதல் ஓரத்தை மாட்டுவது ஆகியவற்றுக்குக் கிக்கர் தேவைதான். முழு அறையை அதைக்கொண்டு இழுப்பது தவறு.

கடைசி வேலை ஓரத்தைச் செருகுவது. இதில்தான் கைத்திறன் தெரியும். கிரிப்பருக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளி, கம்பளத்தின் தடிமனைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஓரம் ஆப்புபோல இறுகும். மிச்சத்தைக் கத்தியால் வெட்டும்போது, உள்ளே மடங்கிப் போகும் அளவுக்குக் கொஞ்சம் விடுவார்கள். கூடிவிட்டால் ஓரம் உப்பும். குறைந்தால் நூல் பிரிந்து வாய் பிளக்கும். பிறகு அகன்ற, மழுங்கிய உளியை எடுத்து, ஓரத்தைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே சுவர் நெடுகத் தேய்த்துப் போவார்கள். பிரிட்டனில் இதற்கு ‘போல்ஸ்டர்’ என்று பெயர். கூராக இருந்தால் அடித்துணியே அறுந்துவிடும் என்பதால் வாயை மழுங்கலாகவே வைத்திருப்பார்கள்.

லண்டனிலோ டொராண்டோவிலோ வீட்டுக்குக் கம்பளம் போடப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசும்போதே, பெரிய அறைகளைப் பவர் ஸ்ட்ரெச்சரால் இழுப்பீர்களா என்று கேளுங்கள். அதற்குக் கூடுதலாக ஆகும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.