கை அரிக்கிறது, தோலில் ஒன்றுமே இல்லை... கோளாறு கழுத்திலா?

பகலில் பரவாயில்லை. இரவில் படுத்தால் போதும், முழங்கைப் பக்கம் ஆரம்பித்துவிடும். சொறிந்தால் அடங்காது, இன்னும் கூடும். காலையில் பார்த்தால் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள்.

டாக்சி ஓட்டும் என் மாமா ஓராண்டுக்கு மேல் இப்படி அவதிப்பட்டார். பூஞ்சைக்கு ஒரு கிரீம், ஒவ்வாமைக்கு மாத்திரை, அத்தை சொன்ன வேப்பிலைக் குளியல். எதுவும் சரிப்படவில்லை. ஒருநாள் ராத்திரி பொறுக்க முடியாமல் ஐஸ்பெட்டியில் இருந்த உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்திருக்கிறார். அரிப்பு சட்டென்று நின்றுபோனது. எடுத்த கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த முறை மருத்துவரிடம் இதைச் சொன்னார். அவர் கையை விட்டுவிட்டுக் கழுத்தைச் சோதிக்க ஆரம்பித்தார்.

"கை அரிக்குதுன்னு போனா கழுத்தப் புடிச்சுப் பாக்குறாரு!" என்று மாமா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் கழுத்து?

6 வாரத்துக்கு மேல் நீடிக்கும் அரிப்பை மருத்துவர்கள் நாள்பட்ட அரிப்பு என்கிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் தோலில்தான் இருக்கும். ஆனால் எப்போதும் அல்ல.

கைத்தோலின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருந்து கிளம்புகின்றன. முழங்கையின் வெளிப்புறத்துக்கும் அதை ஒட்டிய பகுதிக்கும் போகும் நரம்புகள் கழுத்தின் கீழ்ப்பாதியில் தொடங்குகின்றன. வயது ஏற ஏற அங்குள்ள எலும்பு தேயலாம், வட்டு பிதுங்கலாம். அப்போது நரம்பு அழுத்தப்படுகிறது அல்லது உறுத்தப்படுகிறது. சிலருக்கு அது வலியாகத் தெரியும். சிலருக்கு மரத்துப்போகும். சிலருக்கோ அரிப்பாகத் தெரிகிறது.

வீட்டு அழைப்புமணி அடிக்கிறது, போய்ப் பார்த்தால் வாசலில் ஆளில்லை. கோளாறு கம்பியில் இருக்கிறது. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். கழுத்தில் வலியே இல்லாதவர்களுக்கும் இது வரலாம் என்பதால் யாருக்கும் கழுத்து நினைவுக்கு வருவதில்லை.

இதன் மருத்துவப் பெயர் பிராக்கியோரேடியல் புரூரிட்டஸ். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1968இல் இது முதலில் விவரிக்கப்பட்டபோது வெயிலால் வரும் அரிப்பு என்றே நினைத்தார்கள். கழுத்து நரம்பின் பங்கு பின்னர்தான் தெரியவந்தது.

அப்படியானால் வெயில்?

வெயிலுக்கும் பங்குண்டு. கழுத்தில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவருக்கு வெயில் அரிப்பைத் தூண்டிவிடுகிறது என்பதே இன்று பல மருத்துவர்களின் கருத்து. பருவகாலம் உள்ள நாடுகளில் கோடையில் கூடி, குளிர்காலத்தில் குறைகிறது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஒரே வெயில். அதனால் அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து இங்கே கண்டுபிடிப்பது சிரமம்.

வாகனமோட்டிகள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி, தோலைச் சுடும் யுவிபி கதிர்களைத் தடுத்துவிடும். ஆழமாக ஊடுருவும் யுவிஏ கதிர்களில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். ஏர்கானில் உட்கார்ந்திருப்பதால் சுடுவது தெரியாது. நம் ஊரில் ஓட்டுநரின் வலது கைதான் சன்னலோரம். மாமாவுக்கு அரித்ததும் அதே கைதான். ஆனால் பலருக்கு இரண்டு கையிலும் வரும்.

மருந்து ஏன் கேட்கவில்லை?

கொசுக் கடியிலும் தடிப்பிலும் அரிப்பைத் தூண்டுவது ஹிஸ்டமின் என்ற பொருள். கடையில் வாங்கும் அரிப்பு மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. நரம்பிலிருந்து வரும் அரிப்புக்கு ஹிஸ்டமின் பெரும்பாலும் காரணமில்லை. மாத்திரை போட்டால் தூக்கம் வரலாம், அரிப்பு போகாது. பழைய வகை மாத்திரைகளில் தூக்கக் கலக்கம் அதிகம். வண்டி ஓட்டுவோருக்கு அது ஆபத்து.

குளிர்ச்சி மட்டும் ஏன் வேலை செய்கிறது? குளிரை உணரும் நரம்புகள் தூண்டப்படும்போது, முதுகுத்தண்டிலேயே அரிப்புச் செய்தி அமுங்கிவிடுகிறது. கோடாலித் தைலம் தடவினால் கொஞ்சம் நிம்மதி கிடைப்பதும் இதனால்தான். அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் அதே நரம்புகளை ஏமாற்றுகிறது. சொறிந்து புண்ணான இடத்தில் மட்டும் தடவவேண்டாம், எரிந்து தள்ளிவிடும்.

ஐஸ் வைத்தால் நின்று, எடுத்தால் திரும்பும் அரிப்பு இந்தக் கோளாறுக்கு முக்கியமான அடையாளம். மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். பலர் அதைக் கைவைத்தியம் என்று நினைத்துச் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள்.

எல்லாக் கை அரிப்பும் இதுவல்ல

சொறிவதற்கு முன்பே தோலில் தடிப்போ செதிலோ இருந்தால் எக்ஸிமாவாக இருக்கலாம். எக்ஸிமா என்றால் தோல் சிவக்கும் என்று படிக்கிறோம். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சாம்பல், ஊதா கலந்த பழுப்பு, கறுமை என்று தெரியும். "சிவக்கவில்லையே" என்று விட்டுவிடக் கூடாது.

விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் அரித்து, வீட்டில் மற்றவர்களும் சொறிய ஆரம்பித்தால் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை தேவை. கைக்கடிகாரம், கையுறை, சோப்பு படும் இடத்தில் மட்டும் அரித்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம்.

கையோடு நிற்காமல் உடம்பு முழுக்க அரிக்கிறது, தடிப்பும் இல்லை என்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளும் இரும்புச் சத்துக் குறைவும் அப்படித் தலைகாட்டுவதுண்டு.

சொறிந்தால் என்ன ஆகும்?

சொறியும்போது வரும் லேசான வலி அரிப்பைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது. ஆனால் தோல் கிழிய, உள்ளே அழற்சி கூடி மறுபடி அரிக்கிறது. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் தோல் தடித்துக் கறுத்துவிடும், சிலருக்குக் கட்டி கட்டியாக எழும்பும். அதற்குப் பிறகு மருத்துவரிடம் போனால் அவருக்கே குழப்பம். தோல் நோயால் சொறிந்தாரா, சொறிந்ததால் தோல் நோயா? ஆரம்பத்திலேயே கையைப் படம் எடுத்துவைப்பது நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஐஸைத் துணியில் சுற்றிச் சுமார் 10 நிமிடம் வைக்கலாம். நேரடியாக வைத்தால் தோல் பாதிக்கப்படும். வாசனை சேர்க்காத ஈரப்பத கிரீமைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துத் தடவினால் இரண்டு வேலையும் ஆகும். குளித்துத் துடைத்த உடனே தடவவேண்டும். சுடுதண்ணீர் குளியல் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், பிறகு தோல் வறண்டு இன்னும் அரிக்கும்.

வெளியே போனால் முழுக்கைச் சட்டை அல்லது கையுறை போன்ற வெயில் உறை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தூக்கத்தில் சொறிபவர்கள் மெல்லிய பருத்திக் கையுறை போடலாம்.

இணையத்தில் விற்கும் "உடனடி நிவாரண" கிரீம்களை நம்பவேண்டாம். அத்தகைய சில கிரீம்களில் லேபிளில் குறிப்பிடாத வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. நாள்பட அவற்றைத் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

மருத்துவர் என்ன தருவார்?

நரம்பு அரிப்பு என்று உறுதியானால் கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு மருந்துகள் தரப்படலாம். அவற்றுக்கும் தூக்கமும் தலைசுற்றலும் வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் கலந்த கிரீமும் உண்டு. முதல் சில நாள் எரியும், பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தடவிய கையால் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது. கழுத்துக்கு இயன்முறைச் சிகிச்சையும் சிலருக்குக் கைகொடுக்கிறது.

எம்ஆர்ஐ படம் எல்லாருக்கும் தேவையா? 50 வயதைத் தாண்டிய பலருக்கு அரிப்பே இல்லாவிட்டாலும் கழுத்தெலும்புத் தேய்மானம் இருக்கும். படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக அதுவே காரணம் ஆகிவிடாது. தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கையில் பலம் குறைகிறது, பொருள் நழுவுகிறது, மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது என்றால் காத்திருக்கவேண்டாம். காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றுக்கும் அதேதான்.

மற்றபடி முதலில் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகலாம். பலதுறை மருந்தகம் பரிந்துரைத்தால் தேசியத் தோல் நிலையத்தில் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். எப்போது அரிக்கிறது, எந்தக் கை, ஐஸ் வைத்தால் நிற்கிறதா, இதுவரை தடவிய மருந்துகள் என்னென்ன என்பதைக் கைபேசியில் குறித்துக்கொண்டு போங்கள். பழைய கிரீம் டியூப்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.