அஞ்சிய கிளியும் புதிய இல்லமும்

பெங்களூரின் பழைய கண்டோன்மென்டைச் சேர்ந்த பிரேசர் டவுன், 1898ஆம் ஆண்டில் நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், காற்றும் வெளிச்சமும் தாராளமாகக் கிடைக்கும் வகையில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பாகும். மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் வழங்கிய இப்பகுதிக்குப் பின்னாளில் புலிகேசி நகர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. எனினும் பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்துள்ளது. இங்குள்ள பெரிய மரங்களுக்கு மேலே மாலை வேளையில் பச்சைக்கிளிகள் கூட்டமாகக் கூவிக்கொண்டு பறந்து செல்வதைக் காணலாம். அதே தெருவில், ஒரு வீட்டின் கூடத்தில், வேற்று நாட்டைச் சேர்ந்த கிளியொன்று கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கவும் கூடும். வெளியே பறக்கும் கிளியும் உள்ளே ஒடுங்கிய கிளியும் மனிதனைக் கண்டால் அஞ்சுகின்றன. ஆயினும் முதலாவதன் அச்சம் காக்கப்பட வேண்டியது; இரண்டாவதன் அச்சம் தீர்க்கப்பட வேண்டியது. இவ்வேறுபாட்டை விளக்குவதும், அஞ்சிய கிளியைப் புதிய இல்லத்தில் பழக்கும் முறையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எக்கிளியை வளர்க்கலாம்?

நம் நாட்டிற்கு உரிய கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பச்சைக்கிளி, செந்தலைக்கிளி முதலிய அனைத்தும் இவற்றுள் அடங்கும். சோதிடர் கூண்டிலுள்ள கிளிக்கும் இவ்விதி பொருந்தும். மரத்திலிருந்து விழுந்த குஞ்சோ, காயமுற்ற கிளியோ கிடைக்குமாயின், அதனை வீட்டில் வைத்துக்கொள்ளாது வனத்துறையினரிடமோ, வனவிலங்கு மறுவாழ்வு நிலையத்திடமோ ஒப்படைத்தல் வேண்டும். பெங்களூரில் கெங்கேரிக்கு அருகே அத்தகைய மருத்துவமனை ஒன்று உள்ளது. மீண்டும் காட்டிற்குச் செல்லவிருக்கும் பறவை மனிதரிடம் பழகிவிடலாகாது. மனிதனுக்கு அஞ்சாத கிளி வெளியே சென்றதும் எளிதில் பிடிபடும். எனவே அதன் அச்சத்தைப் போக்க முயல்வது இரக்கமாகாது.

வேற்று நாட்டுக் கிளிகளின் நிலை வேறு. ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி, அமேசான் கிளி, காக்கட்டீல் போன்றவை கூண்டுகளிலேயே பிறந்து வளர்ந்து வீடுகளை அடைகின்றன. இவற்றை இங்கு வெளியே விடுதல் தவறு; பெரும்பாலானவை உணவின்றியும் பருந்துக்கு இரையாகியும் மடியும், எஞ்சியவை நிலைத்துவிட்டால் உள்ளூர்ப் பறவைகளுக்குப் போட்டியாகும். நம் பச்சைக்கிளி இலண்டன் முதலிய ஐரோப்பிய நகரங்களில் பல்கிப் பெருகியுள்ளமை இதற்குச் சான்று. பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இடம்பெற்ற கிளிகளை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதிதாகப் பெறுவோர் 30 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். காக்கட்டீல் அப்பட்டியல்களில் இல்லை. சாம்பற்கிளியோ, 2017ஆம் ஆண்டு முதல் மிகக் கடுமையான கட்டுப்பாடுடைய முதற் பட்டியலில் உள்ளது.

அச்சத்தின் காரணம்

பெரிய கிளிகள் பல பத்தாண்டுகள் வாழ்பவை. உரிமையாளர் முதுமையுற்றோ, ஊர் மாறியோ, இறந்தோ போகையில் கிளி வேறு வீட்டிற்குச் செல்கிறது. இரண்டு மூன்று வீடுகளைக் கண்ட கிளிகளும் உண்டு. அதன் பார்வையில் ஒவ்வொரு மாற்றமும் கூட்டத்தை இழப்பதற்கு ஒப்பாகும். ஏனெனில் கிளி கூட்டமாக வாழும் இயல்பினது. கூட்டத்தைப் பிரிந்த பறவை பகைக்கு எளிதில் இரையாகும் என்னும் உணர்வு அதன் பிறவிக்குணம்.

கிளியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஆதலால் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பெரும்பகுதியை அது காண்கிறது. இரு கண்களாலும் நேரே உற்றுநோக்கி நெருங்குவது வேட்டைப் பிராணியின் செயல். அன்புடன் முகத்தை அருகே கொண்டுசென்று, கையை மேலிருந்து நீட்டும் மனிதன், தன்னையறியாமலே அவ்வேட்டைப் பிராணியைப் போல் நடந்துகொள்கிறான். பிரேசர் டவுனின் வானில் நாள்தோறும் வட்டமிடும் பருந்துகளின் நிழலும், சாளரத்தருகே வைத்த கூண்டிலுள்ள கிளிக்கு ஓயாத அச்சம் தரும்.

இறகுகளை உடலோடு ஒட்டி மெலிந்து நிமிர்தல், மூலையில் ஒடுங்குதல், விரைந்து மூச்சுவிடுதல், உணவைத் தொடாமை ஆகியன அச்சத்தின் குறிகள். சாம்பற்கிளி உறுமுவதும் உண்டு. இவற்றைப் பொருட்படுத்தாது கையை நீட்டினால் அது கடிக்கிறது. மென்மையான எச்சரிக்கைகளால் பயனில்லை, கடித்தாலே கை விலகுகிறது என்பதைக் கிளி விரைவில் கற்றுக்கொள்கிறது. அதன்பின் எச்சரியாமலே கடிக்கத் தொடங்குகிறது. ‘முரட்டுக் கிளி’ எனப் பெயர் பெற்றவற்றுட் பல, உண்மையில் மனிதர் இவ்வாறு பயிற்றுவித்த கிளிகளே.

முதல் வாரம்

கிளி வந்த முதல் வாரத்தில் அதனைப் பழக்க முயலாதிருத்தலே சிறந்த பழக்கமாகும். கூண்டின் ஒரு பக்கமேனும் சுவரை ஒட்டியிருத்தல் வேண்டும். நாற்புறமும் திறந்திருந்தால் ஒதுங்க இடமிராது. உட்காரும் கொம்பு ஏறத்தாழ மனிதரின் கண் மட்டத்தில் இருப்பது நலம். கூண்டின் ஒரு பகுதியைத் துணியால் மூடி மறைவிடம் தருதலும் நன்று.

சமையலறை ஆகாது. நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுமீறிச் சூடேறும்போது எழும் புகை பறவைகளைச் சில நிமிடங்களிலேயே கொல்ல வல்லது. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திப் புகையும் அவற்றின் நுண்ணிய சுவாச உறுப்புகளுக்குத் தீங்கு. பழைய வீட்டில் உண்ட உணவையே முதலில் கொடுத்து, மாற்றங்களைப் பின்னர்ச் சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும். அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் எக்காலத்தும் கொடுக்கலாகாது.

வெப்பமண்டலத்துக் கிளிகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேர இரவுக்குப் பழகியவை. ஆகையால் இரவில் 10 முதல் 12 மணி நேர இருளும் அமைதியும் தேவை. ரமலான் மாதத்தில் மாஸ்க் ரோட்டில் நெடுநேரம் மக்கள் நடமாட்டம் இருக்கும். தீபாவளியில் வெடியோசை மிகும். அத்தகைய நாட்களில் கூண்டினை உள்ளறைக்கு மாற்றுதல் தக்கது.

புதிய பறவையை ஏனைய பறவைகளிடமிருந்து ஒரு மாதமேனும் தனித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்னும் காய்ச்சல், காய்ந்த எச்சத்தின் தூசி வழியாகவும் பரவும். எனவே கூண்டை ஈரத்துணியால் துடைத்தலே முறை. மேலும், பறவைகள் நோயை மறைக்கும் இயல்பின. இறகைச் சிலிர்த்துச் சோர்ந்திருத்தலும், மூச்சுவிடுகையில் வால் ஏறி இறங்குதலும் அச்சமென எண்ணி வாளாவிருத்தற்கு உரியன அல்ல.

தூரத்தை அளந்து நெருங்குதல்

இதன்பின் பழக்கும் பணியைத் தொடங்கலாம். இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு குறிப்பேடும் பொறுமையுமே. மனிதர் மெல்ல நெருங்கும்போது, எவ்வளவு தூரத்தில் கிளியின் இறகுகள் இறுகுகின்றன என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அது 2 மீட்டர் எனக் கொள்வோம். அதற்குச் சற்று அப்பால், கிளிக்குப் பக்கவாட்டில் அமர்ந்து, அதனை உற்றுநோக்காமல் புத்தகம் படிக்கலாம். மெல்லிய குரலில் பேசலாம். நாள்தோறும் இருமுறை 10 நிமிடங்கள் இவ்வாறு செய்தால், அத்தூரத்தில் உள்ள மனிதனால் தீங்கில்லை என்பதைக் கிளி உணரும். அதன் இறகுகள் தளர்ந்து, தன் அலகால் அவற்றைக் கோதத் தொடங்கினால், சில அங்குலம் நெருங்கலாம். மீண்டும் இறுகினால் உடனே பின்வாங்க வேண்டும். இது தோல்வியன்று, தன் குறிப்பை மனிதன் மதிக்கிறான் என்று கிளி அறிகின்ற பாடமாகும்.

கூண்டை அடைந்தபின், கிளி மிக விரும்பும் தின்பண்டத்தைக் கிண்ணத்தில் இட்டு உடனே விலகுதல் அடுத்த படி. நாளடைவில் மனிதனின் வருகையே நல்ல உணவின் அறிகுறியாகிறது. பிறகு கம்பிகளின் வழியே கொடுக்கலாம். அதன்பின் ஒரு குச்சியின் நுனியை அலகால் தொடுந்தோறும் பரிசளித்து, குச்சி செல்லுமிடத்திற்குத் தானே வரப் பழக்கலாம். கையில் ஏறுதல் இறுதிப் படியே. சில கிளிகள் வாரங்களில் இதனை எட்டும். சிலவற்றுக்கு மாதங்கள் பல ஆகும். சில எட்டாமலே, அருகிருந்து அமைதியாக வாழும். அதுவும் வெற்றியே எனக் கொள்ளத்தக்கது.

துண்டால் மூடிப் பிடித்து அடக்குதல், அஞ்சும் பொருளை அருகே வைத்து ‘பழகிவிடும்’ என விட்டுவிடுதல், கடித்ததற்காகக் கூண்டை ஆட்டுதல் ஆகியன பல வாரங்களின் பயனை ஒரு நொடியில் அழிக்கும். அசையாதிருக்கும் கிளி பணிந்துவிட்டது என எண்ணுவதும் பிழை; அச்சம் முற்றினாலும் பறவை அசைவற்றுப் போகும்.

அச்சம் தணிய உணவோடு வேலையும் தேவை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செரில் மீஹன், ஜாய் மென்ச் என்னும் ஆராய்ச்சியாளர் அமேசான் கிளிக்குஞ்சுகளைக் கொண்டு நடத்திய சோதனைகளின் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கடித்துத் துளைக்கவும் தேடி உண்ணவும் பொருள்கள் பெற்ற கிளிகள், வெறுங்கூண்டில் இருந்தவற்றைவிடப் புதியவற்றைக் கண்டு குறைவாக அஞ்சின. காகிதத்தில் மடித்த கடலை, முழு மக்காச்சோளக் கதிர், வேப்பங்கொம்பு ஆகிய எளிய பொருள்களே இதற்குப் போதும்.

பள்ளியிலும் களத்திலும்

ஆசிரியர்கள் இதனை நல்லதொரு பாடமாக்கலாம். பள்ளி வளாகத்து மைனாவோ காகமோ எத்தனை அடி தூரத்தில் பறந்து செல்கிறது, மெல்ல நடந்தால் எவ்வளவு, ஓடினால் எவ்வளவு என மாணவர் அளந்து குறிக்கட்டும். அச்சம் என்பதும் அளவிடத்தக்கது என்பதை அவர்கள் கண்டறிவர். களப்பணியாளர், கிளியை ஏற்க விரும்பும் குடும்பத்தினரிடம் இரண்டு வினாக்களை முதலில் கேட்க வேண்டும்: அது நம் நாட்டுக் கிளியா? அன்றெனில், கையில் ஏறாமலே போனாலும் அதனை இறுதிவரை வைத்துக் காப்பீர்களா? இரண்டாம் வினாவிற்குத் தயங்காமல் விடை கூறும் வீட்டிலேயே கிளியின் இடமாற்றம் முடிவுறும்.