‘நம்ம ஊர் மாதிரிதானே’ என்று சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் செய்யும் தவறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான். அந்த ஊரை நாம் வெளிநாடு என்று நினைப்பதில்லை. ஆட்சிமொழிகள் நான்கில் தமிழும் ஒன்று. ‘அபாயம்’ என்று தமிழிலேயே எழுதிய பலகைகள் கண்ணில் படுகின்றன. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் ரயிலை விட்டு மேலே ஏறி வந்தால் மல்லிகைச் சரம், தோசைக்கல், கோயில் மணி. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல மனசு இளகிவிடுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அன்று அப்படி இளக வழியில்லை. முதலில் ரஜுலா, பிறகு எம்.வி. சிதம்பரம் என்று கப்பல் ஓடிய நாளில், சென்னையில் ஏறி பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. விமானத்தில் போகத் தொடங்கிய பிறகும் நெடுநாள்வரை அங்கே ஒரு உறவுக்காரர் இருந்தால்தான் பயணம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அத்தனை இறுக்கம். கையில் கொண்டுபோக விட்ட டாலரில் ஹோட்டலில் தங்குவது நடக்காத காரியம். சித்தப்பா வீட்டு ஹாலில் பாய் போட்டுத்தான் படுக்க வேண்டும்.

அந்தச் சித்தப்பாதான் பெரிய காவல். வீட்டுக்குள் நுழைந்ததுமே பாடம் தொடங்கிவிடும். “ரோட்டுல துப்பாதே தம்பி. பஸ் டிக்கெட்டைக் கீழே போடாதே. பச்சை மனுஷன் எரிஞ்சாத்தான் ரோட்டைத் தாண்டணும். எங்கே போனாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போ.” கண்டிப்பு கொஞ்சம் கசக்கும். ஆனால் அந்த ஊரில் வாழ்ந்து பழகிய ஒருவரின் நாற்பது வருட அறிவு, போய் இறங்கிய அரைமணியில் நமக்குக் கிடைத்துவிடும்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கூட்டிப் போக ஆள் வேண்டும், ஆளுக்கு லீவு வேண்டும். அதனால் சிராங்கூன் சாலை, நாலு கோயில், நாலு சொந்தக்காரர் வீடு என்று முடித்துக்கொண்டு, மலாய்க்காரர் கம்போங் கிளாமையும் சீனர் தெருக்களையும் ஒரு தடவைகூட நடந்து பார்க்காமல் திரும்பியவர்கள் ஏராளம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் இன்று சைனாடவுனின் நடுவில் இருக்கிறது. அங்கே போய்க் கும்பிட்டவர்கள்கூட அடுத்த தெருவுக்குள் நுழையவில்லை. அன்றைய பயணிகள் செய்த தவறுகளில் இதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. அதற்கு யாரும் அபராதம் போடவில்லை என்பதால் அதைத் தவறாகவே யாரும் எண்ணவில்லை.

இன்று திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே. ‘நான்கு இரவு, ஐந்து பகல்’ பேக்கேஜ், ஆன்லைனில் ஹோட்டல், கைபேசியில் வரைபடம். மெரினா பே சாண்ட்ஸ், கார்டன்ஸ் பை த பே, செந்தோசா என்று சுதந்திரமாகச் சுற்றுகிறார்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் வாசலில் நின்று பாடம் நடத்தச் சித்தப்பா இல்லை. கைபேசி கேட்டால்தான் சொல்லும். ‘நம்ம ஊர் மாதிரிதானே’ என்று போகிறவருக்குக் கேட்கவே தோன்றாது.

தவறு வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. அன்று விமானத்தில் ஒரு வெள்ளை அட்டை கொடுப்பார்கள். போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று அதில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைக் கையில் வைத்து நிரப்பும்போதே எந்த மாதிரி நாட்டில் இறங்குகிறோம் என்று உறைத்துவிடும். இன்று அந்த அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அரசுத் தளத்தில் காசு கிடையாது. தேடும்போது முதலில் வந்து நிற்கும் ஏதோ ஒரு தளத்தில் பணம் கட்டிவிட்டுப் பிறகு விசாரிப்பவர்கள் பலர். ஏஜென்ட்டே நிரப்பிக் கொடுத்துவிட்டால் இன்னொரு சிக்கல்: தங்கும் ஹோட்டலின் பெயர் தனக்கே தெரியாமல் குடியேற்ற அதிகாரி முன் நிற்க வேண்டியிருக்கும். விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா இல்லையா என்று முடிவு செய்வது அந்த அதிகாரிதான். ஹோட்டல் முகவரி, திரும்பும் டிக்கெட் இரண்டையும் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெட்டி. மகள் அங்கே வேலை பார்க்கிறாள் என்றால் அம்மா பெட்டியை நிரப்புவார், அதில் குருமாவுக்குக் கசகசாவும் ஒரு பொட்டலம் இருக்கும். சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வருவது. புகையிலைப் பாக்கு, மெல்லும் புகையிலை எதுவும் கூடாது. சூயிங் கம் 1992இலிருந்தே தடை. சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை என்பதே இல்லை, ஒரே ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். வேப் எனப்படும் மின்சிகரெட்டை 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். பெரியவர்கள் கொண்டுபோகும் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் எடுத்துப் போகாதீர்கள்.

ஊருக்குள் போனபின் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது உணவங்காடியில். மதியம் பன்னிரண்டரைக்குத் தேக்கா சென்டரின் கீழ்த்தளத்தில் போய்ப் பாருங்கள். மேசை காலியாக இருக்கிறது, நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து நம் குடும்பம் உட்கார்ந்துவிடும். பிரியாணித் தட்டோடு வந்து நிற்கிற உள்ளூர்க்காரர் முகம் சுருங்கும். இடம் பிடித்து வைப்பதற்கு அங்கே துண்டு போடுவதில்லை, டிஷ்யூ பாக்கெட்தான் வைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் நம்மவர் கைகழுவி எழுந்துவிடுகிறார், தட்டு மேசையிலேயே. “அதெல்லாம் அவங்களே எடுத்துக்குவாங்க, நான் வந்தப்ப பாத்திருக்கேன்” என்கிறார் கூட வந்த பெரியவர். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் வந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் தட்டை எடுத்துப் போய் அதற்கான அடுக்கில் வைப்பது கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடியும் என்றால் அபராதம். அடுக்கிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி அடுக்கு. மாற்றி வைத்தால் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மனசு நோகும். அபராதத்தைவிட அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முன்பு போய் வந்தவர்களின் அறிவுரை இப்படித்தான் பழசாகிவிடுகிறது. ஜூரோங் பறவைப் பூங்காவை அவசியம் பார் என்பார்கள். அது 2023 ஜனவரியில் மூடப்பட்டு மண்டாய்க்கு இடம் மாறிவிட்டது. லிட்டில் இந்தியாவில் திறந்தவெளியில் உட்கார்ந்து பீர் குடித்த கதையைச் சொல்வார்கள். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் சட்டம் வந்தது. தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு பகலிலும் தடை.

புண்ணியம் என்று நாம் செய்வதும் அங்கே குற்றமாகலாம். மீதிச் சோற்றைப் புறாவுக்குப் போடுவது, குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுவது நமக்குப் பழக்கம். அங்கே 2020 முதல் காட்டுயிர்களுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம், புறாவுக்கும் இது பொருந்தும். குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயரம் 1.35 மீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை. ‘மடியில வெச்சுக்கிறேன்’ என்றால் டிரைவர் ஏற்றாமல் போய்விடுவார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, பிள்ளையின் உயிரைப் பற்றிய சட்டம் அது.

அன்று பணம் குறைவு, கவனம் அதிகம். இன்று கார்டு இருக்கிறது, யுபிஐ இருக்கிறது என்று வெறுங்கையோடு இறங்குகிறார்கள். நம் யுபிஐ அங்கே எல்லாக் கடையிலும் ஓடாது. சிறிய உணவுக் கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கானது. கொஞ்சம் ரொக்கம் அவசியம். பேருந்தில் கார்டைத் தட்டி ஏறுகிறவர்கள் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும்.

வாங்கிய பொருளுக்கு 9 சதவீத ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும், 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சாங்கி விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே இயந்திரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். பெட்டி உள்ளே போனபின் ரசீதை நீட்டிக்கொண்டு, “உள்ளே இருக்கு சார், நிஜமா இருக்கு” என்று கெஞ்சுகிற குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அன்றிலிருந்து இன்றுவரை மாறாத தவறு ஒன்று உண்டு: அடுத்தவர் பொட்டலம். அன்று சென்னை பர்மா பஜாருக்குச் சரக்குக் கொண்டுவந்தவர்களைக் ‘குருவி’ என்பார்கள். குருவிகள் இன்றும் பறக்கின்றன. விமான நிலைய வரிசையில் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, தமிழில், “அண்ணே, எனக்கு வெயிட் கூடிப்போச்சு, இந்த ரெண்டு கிலோவை மட்டும் எடுத்துக்கிறீங்களா?” என்பார். தங்கம் என்றால் இங்கே சுங்கத்தில் மாட்டுவீர்கள்; நகைக்கான வரிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான், ஐந்து நாள் சுற்றுலாப் பயணிக்கு இல்லை. இங்கிருந்து போகும்போது வாங்கிய பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தால், அந்த வெள்ளை அட்டையின் சிவப்பு எழுத்து உங்களுக்கானது. ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில். தெரியாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். சொந்தக்காரர் கொடுப்பதையும் அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, உங்கள் கையால் பெட்டியில் அடுக்குங்கள். பிரிக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அவர் யாராக இருந்தாலும் பொட்டலத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.