கோட்டைப் பார்த்து ஆளைச் சொல்லலாம்

மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். இரலையின் கொம்பு உதிராது. காட்டுக்குள் வாழும் இரலைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று ஆப்பிரிக்காவின் போங்கோ. கடா 400 கிலோ வரை எடை இருக்கும். செங்காவி உடலில் பத்துப் பதினைந்து வெள்ளைக் கோடுகள் இறங்கும். ஆண், பெண் இரண்டுக்குமே முறுக்குக் கொம்பு உண்டு. புதருக்குள் ஓடும்போது முகத்தை உயர்த்தி, கொம்பை முதுகோடு படிய வைத்துக்கொள்ளும், கொடியில் சிக்காது.

இதன் துணையினமான மலை போங்கோ இயற்கையாக வாழ்வது கென்யாவில் மட்டுமே. அபர்டேர், கென்யா மலை, மாவ், எபுரு காடுகளில் எஞ்சியவை 100கூட இருக்காது. 1890களில் பரவிய வெக்கை நோய் பலவற்றைக் கொன்றது. பிறகு வேட்டை நாய்களும் சுருக்குக் கம்பிகளும் மரவெட்டும் மீதியைக் குறைத்தன.

கண்ணில் படாத விலங்கை எப்படி எண்ணுவது? ஆய்வாளர்கள் உள்ளூர்த் தடம் பார்ப்பவர்களோடு குளம்புத் தடத்தையும் கடித்த இலையையும் தேடிப் போகிறார்கள். சாணத்தை எடுத்து மரபணுவைப் பார்க்கிறார்கள். உப்பு மண் நக்க வரும் இடங்களில் தானியங்கி கேமராவைக் கட்டுகிறார்கள். படம் கிடைத்ததும் கோடுகளைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு போங்கோவுக்கும் கோட்டின் அமைப்பு வேறு. ஒரே விலங்கின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூடப் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஆகவே இருபக்கப் படமும் இருந்தால்தான் அதே விலங்கை இரண்டு முறை எண்ணாமல் தப்பலாம்.

இன்று காட்டில் இருப்பதைவிட உயிரியல் பூங்காக்களில்தான் மலை போங்கோ அதிகம். முன்பு பிடித்து அனுப்பப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. 2004இல் அமெரிக்காவிலிருந்து 18 போங்கோக்கள் கென்யா மலையடிவாரத்துக்குத் திரும்பின. 2025இல் மேலும் 17 வந்தன. வந்தவுடன் அவிழ்த்துவிட முடியாது. கூண்டில் பிறந்த உடலுக்கு அங்குள்ள உண்ணிகள் பரப்பும் நோயைத் தாங்கும் சக்தி இல்லை. தீவனத்தோடு வரும் மனிதனைப் பார்த்துப் பழகிய விலங்கு, கம்பியோடு வருபவனைப் பார்த்தும் ஓடாது.

அதனால் தலைமுறை தலைமுறையாகப் பழக்கத்தை மாற்றுகிறார்கள். அங்கே பிறக்கும் கன்றுகள் மனித வாடை குறைந்த, மரமடர்ந்த அடைப்புகளில் வளர்கின்றன. 2022இல் திறந்த மாவிங்கு சரணாலயம் இதற்காகவே அமைந்தது. ஐம்பது ஆண்டுகளில் 750 போங்கோக்கள் என்பது கென்யாவின் இலக்கு. கன்று மனிதனைக் கண்டு ஓடக் கற்றால் பாதி வேலை முடியும். காவலர்கள் சுருக்குக் கம்பிகளைத் தேடி எடுத்துக்கொண்டே இருப்பது மறுபாதி.